மூன்று முறை வாசித்தவர்

எதையும் அவரால் மனத்துக்குள் படிக்க முடியாது. முதலில் உதடு அசையும், பிறகு குரல் வரும், பிறகு பக்கத்து மேசைக்காரர்கள் தலையைத் தூக்குவார்கள். டீக்கடையில் வடை மடித்துத் தந்த தாள் ஏதோ ஒரு பிள்ளையின் பரீட்சைத் தாளாக இருந்தால், வடையை மறந்துவிட்டு நான்காம் கேள்விக்கான விடையை எங்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். "நல்லாத்தான் எழுதியிருக்கு. ரெண்டு மார்க் கொறச்சிட்டாங்க பாரு" என்று உண்மையாகவே வருத்தப்படுவார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை அவருக்குத் துணையாகப் போனேன். ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் வரிசையில் நின்றபடியே சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாவற்றையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் ஆறு பேர் ஆறு விதமான கஷாயம் சொல்லிவிட்டார்கள். டாக்டர் சொன்னது ஏழாவது யோசனை.

"எதுக்கு சார் ஊருக்கெல்லாம் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"எனக்குச் சர்க்கர இருக்குன்னு தெரிஞ்சா என்னா தம்பி கொறஞ்சிடப் போவுது? நாளைக்கி நான் ஜாங்கிரி வாங்குனா இவங்கள்ல ஒருத்தர் கேப்பாங்க. கேக்கட்டும்."

அவர் எங்கள் வேளாண் அலுவலகத்தின் அதிகாரி. நான் அவருக்குக் கீழே எழுத்தர். பதினோரு ஆண்டுகள் அந்தக் குரலைக் கேட்டேன். கனமான, கொஞ்சம் மூக்கடைத்த குரல். உழவர்கரையின் வீட்டு மனைகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் எங்கள் அலுவலகம் இருந்தது. மனைகள் முடியும் இடம் ஆண்டுதோறும் கொஞ்சம் மேற்கே தள்ளிப்போனது. அலுவலகம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து, கடைசியில் வயலே இல்லாத ஒரு தெருவில் வேளாண் அலுவலகமாக நின்றது.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருக்கு ஆட்சேபம் இருக்காது, தானே உரக்க வாசித்துக்கொள்வார். எனக்குத்தான் தைரியம் இல்லை. எங்கள் எல்லைக்குள் இருந்த கிராமங்களில் அவரை 'ஓலை சார்' என்றார்கள். அந்தப் பெயரே போதும்.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக அந்தப் பெயரை விளக்க வேண்டும். எனக்கும் அவர்தான் விளக்கினார். கத்தோலிக்கக் கோயில்களில் ஒரு கல்யாணம் நடக்கும் முன், பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், பெற்றோர் பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சபை முன்னால் வாசிப்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். இந்தத் திருமணத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லி முடிப்பார்கள். குருசுக்குப்பத்துக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய கோயிலில் சாமியாருக்குத் தொண்டை சரியில்லாத ஒரு வருஷம் முழுக்க, பத்தொன்பது வயதுப் பையனாக இருந்த இவரே ஓலை வாசித்தார்.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் ஓலை. ஒரு மாப்பிள்ளையின் பெயரை வாசித்து முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்று, "அந்த ஆளுக்கும் எனக்கும் போன வருஷமே கடலூர்ல கல்யாணம் ஆயிடுச்சி" என்றாளாம்.

இந்தக் கதையை அவர் என்னிடம் குறைந்தது முப்பது தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் முடிவு ஒன்றுதான். "அந்தப் பொண்ணுக்குப் படிக்கத் தெரியாது தம்பி. செவுத்துல ஒட்டியிருந்தா அது நேரா நடந்து போயிருக்கும். காதுல விழுந்ததாலதான் எழுந்திரிச்சிது."

புயலும் வெள்ளமும் வந்து பயிர் போனால் அரசு நிவாரணம் தரும். பட்டியல் போடுவது எங்கள் வேலை. பயனாளிகள் பட்டியலை அறிவிப்புப் பலகையில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், இணையத்திலும் ஏற்ற வேண்டும் என்பது விதி. எங்கள் அறிவிப்புப் பலகைக்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும் உண்டு. சாவி எனக்கு முன்பிருந்தவர் காலத்திலேயே தொலைந்துபோனது. உள்ளே ஒரு பழைய விதைக் கண்காட்சி அறிவிப்பு மஞ்சளாகிக் கிடந்தது. புதிய தாள்களைக் கண்ணாடியின் மேலேயே ஒட்டிவிட்டு, பலகைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவைப்போம். 'பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது' என்று கோப்பில் எழுதுவேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"இது பார்வைக்கு வெச்சதா? பொதைச்சி வெச்சது" என்பார் அவர்.

"வெப்சைட்லயும் போட்டாச்சே சார்."

"அத யாரு பாப்பா? எவன் பொய் சொல்லிப் பேரு குடுத்தானோ அவன் ஒருத்தன்தான் பாப்பான். ஏறிடுச்சான்னு."

எனவே எங்கள் அலுவலகத்தில் மட்டும் விதியில் இல்லாத ஒரு வழக்கம் உண்டாயிற்று. பட்டியலை மூன்று ஞாயிற்றுக்கிழமை காலை கிராமத்துப் பால் சொசைட்டி வாசலில் மைக் வைத்து வாசிப்பார். ஏழு மணிக்குப் பால் ஊற்ற எல்லோரும் வந்தாக வேண்டும், தப்பிக்க முடியாது. பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், பயிர், நிலத்தின் அளவு. கடைசியில், "இவர்களில் எவருக்கேனும் நிவாரணம் வழங்கத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் அதிகாரியிடம் தெரிவிக்கவும்." பிறகு தாளை மடித்து "வொலா!" என்பார். அவருடைய அப்பாவிடமிருந்து அவருக்கு வந்த பிரெஞ்சுச் சொத்து, 'இதோ, ஆயிற்று' என்று பொருள்படும் அந்த ஒரு சொல்தான்.

மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் நிறுத்தச் சொல்லி எழுத்தில் உத்தரவு போடவும் அவர்களுக்குத் தயக்கம். போட்டால் அதையும் மைக்கில் வாசித்துவிடுவார்.

வழக்கம் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் எழுந்து நின்று தடை சொன்னதில்லை. ஆனால் முதல் வாசிப்புக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று பேர் அலுவலகத்துக்கு வந்து, பலகைக்கு முன்னால் நின்ற மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டே, "எம் பேரு எப்படியோ வந்துடுச்சி சார், எடுத்துடுங்க" என்பார்கள். எப்படி வந்தது என்று அவர் கேட்கமாட்டார். எடுத்துவிடுவார்.

உண்மையில் எழுந்து நின்று தடை சொன்னவர் ஒருவர் உண்டு. அவரேதான். ஒரு வெள்ளத்துக்குப் பிந்தைய மூன்றாம் வாசிப்பில் அவர் மனைவியின் தம்பி பெயர் வந்தது. அரை எக்டேர், மணிலாக் கடலை. வழக்கம்போல "தடை இருப்பதாக அறிந்தவர்கள் அதிகாரியிடம் தெரிவிக்கவும்" என்று முடித்தார். பிறகு மைக்கை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "தெரிவிக்கிறேன். இந்த நெலத்துல மூணு வருஷமா செங்கச் சூளதான் ஓடுது" என்றார். மீண்டும் வலது கைக்கு மாற்றி, "பதிவு செய்யப்பட்டது" என்றார்.

அதோடு அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு நின்றுபோனது. மாதக்கணக்கில் மதிய டப்பாவில் தயிர்ச் சோறு வந்தது. அதைத் திறக்கும்போதும் "தயிர்ச் சோறு" என்று எங்களுக்கு அறிவித்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் என் மகனை வேலைக்குச் சேர்த்துவிட்டேன்.

அவன் கணினி அறிவியல் படித்தவன். படித்து முடித்த பிறகு இரண்டு ஆண்டுகள் வேலை கிடைக்கவில்லை. முதல் ஆண்டு நேர்முகத் தேர்வுகளுக்குப் போனான். இரண்டாம் ஆண்டு அறையைவிட்டே வெளியே வரவில்லை. தட்டை வாசலில் வைத்தால் எடுத்துக்கொள்வான். சில நாள் எடுக்கவும் மாட்டான். உள்ளே மின்விசிறிச் சத்தம் கேட்கிறதா என்று நானும் என் மனைவியும் மாறி மாறிக் கதவில் காது வைத்துக் கேட்போம். அந்தச் சத்தத்தைத் தவிர வேறு எதையும் அந்த ஆண்டில் நாங்கள் அவனிடம் எதிர்பார்க்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் ஒரு புயல் வந்தது. நெல் சாய்ந்து முளைவிட்டது. கீரைப் பாத்திகள் இருந்த இடம் தெரியவில்லை. பட்டியலைக் கணினியில் பதிய ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. நான் அவர் மேசை முன் போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "பையன் சார்" என்றேன்.

"நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றார் அவர்.

மகன் வந்தான். முதல் நாள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாம் நாள் டீ குடிக்க வந்தான். இரண்டாம் வாரம் அவர் ஏதோ சுற்றறிக்கையை வாசித்தபோது இவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்குப் போய் என் மனைவிக்கு நடித்துக் காட்டினேன். ஒப்பந்தக்காரர்களுக்குத் தனியாகக் கடவுச்சொல் கிடையாது. அதிகாரியின் பெயரில்தான் கணினிக்குள் போவார்கள். அவருடைய கடவுச்சொல் அலுவலகம் முழுக்கத் தெரியும். வந்த அன்றே உரக்க வாசித்துவிட்டிருந்தார்.

முதல் ஞாயிறு வாசிப்பு நடந்தது. தடை ஒன்றும் இல்லை. இரண்டாம் ஞாயிறு வாசித்து முடித்து அவர் தாளை மடிக்கும்போது, பால் கேனுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி கையைத் தூக்கினாள். எங்கள் தெருவுக்குத் தினமும் காலையில் கீரை கொண்டுவருகிறவள். பெயர் தெரியும், ஆனாலும் எங்களுக்கு அவள் கீரைக்காரம்மாதான்.

"சார், பேரு புரியுது. அப்பறம் புள்ளி புள்ளின்னு என்னவோ சொல்றீங்களே, அது என்னா?"

"அது உன் நெலத்தோட அளவும்மா. எக்டேர்."

"எக்டேரக் கண்டமா நாங்க? குழியில வாங்குனோம், குழியில விக்கறோம். நீங்க படிக்கறது எங்களுக்கு ஐயர் மந்திரம் சொல்றாப்போல இருக்குது."

பால் சொசைட்டியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இத்தன வருஷமா யாருமே இதக் கேக்கலயேம்மா" என்றார்.

"தடை இருக்குதான்னுதான கேட்டீங்க? புரியுதான்னு கேக்கலியே."

அவர் மைக்கை அணைத்தார். பிறகு அவர் முகம் கல்யாண வீட்டு முகமாக மாறியது. "தம்பி, அடுத்த ஞாயித்துக்கெழம எக்டேரும் இருக்கணும், குழியும் இருக்கணும். நீங்கதான் கணக்குல கெட்டி. போட்டுடுங்க" என்றார்.

திங்கட்கிழமை உட்கார்ந்தேன். ஐந்நூற்று எழுபத்தாறு சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு காணி. கேட்டவள் அவள் என்பதால் கீரைக்காரம்மாவின் பெயரிலிருந்து தொடங்கினேன். பூஜ்யம் புள்ளி ஏழு பூஜ்யம் எக்டேர். கணக்குப் போட்டால் நூற்று முப்பத்தொரு குழி வந்தது. இன்னொரு தடவை போட்டேன். அதே நூற்று முப்பத்தொன்று. அவளுக்கு இருப்பது வாய்க்கால் ஓரம் ஒரு துண்டு. என் வீட்டு வாசலில் கூடையை இறக்கும்போதெல்லாம் "பதிமூணு குழியில எவ்ளோதான் வெளையும்" என்பாளே!

பட்டாக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஊர் நிலப் பதிவேட்டில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்தே மூன்று கட்டங்கள்: எக்டேர், ஆர், சாந்தியார். நூறு சாந்தியார் ஓர் ஆர், நூறு ஆர் ஓர் எக்டேர். கீரைக்காரம்மாவுக்கு எக்டேர் கட்டத்தில் பூஜ்யம், ஆர் கட்டத்தில் ஏழு. ஆனால் கணினியில் இருந்தது ஒரே கட்டம், எக்டேர் மட்டும். ஏழு ஆர் என்றால் 0.07 என்று அடிக்க வேண்டும். என் மகன் 0.7 என்று அடித்திருந்தான். முப்பத்திரண்டு ஆர் உள்ளவருக்கு 0.32 என்று சரியாக வந்திருந்தது. பத்து ஆருக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு பூஜ்யம் விழுந்துபோய், நிலம் பத்து மடங்காகியிருந்தது. இருபது பேருக்கு மேல். ஊரிலேயே மிகச் சிறிய துண்டுகளை வைத்திருந்த இருபது பேர்.

இரண்டு ஞாயிறாக இதை மைக்கில் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அவர் வாசித்தார், ஊர் கேட்டது, நான் மைக் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். பட்டியல் ஏற்கெனவே கணினியில் ஏறிப் பூட்டிக்கொண்டாயிற்று. பெயரை நீக்க வழி உண்டு, எண்ணைத் திருத்தத்தான் அதிகாரி கடிதம் எழுதித் திறக்க வேண்டும். தவறாகப் பதிந்தவர் யார் என்று கடிதத்தில் குறிப்பிட வேண்டும். முந்தின ஆண்டு வேறோர் அலுவலகத்தில் ஒரு பெண் ஒரே ஒரு வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிப் பதிந்தாள். கடிதம் போன மூன்றாம் நாள் அவளை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். எங்கள் அதிகாரி கடிதம் எழுதுவதோடும் நிற்கமாட்டார். சொந்த மைத்துனரைச் சொன்னவர் அவர். அடுத்த ஞாயிறு பால் சொசைட்டி வாசலில், தகப்பன் பெயரோடு, என் மகனின் பெயரை வாசிப்பார். தகப்பன் பக்கத்தில் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மகன் வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொள்வான்.

நான் அவன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். டீயை ஊதிக் குடித்தபடி தட்டச்சு செய்துகொண்டிருந்தான். "என்னாப்பா?" என்றான். "ஒண்ணும் இல்ல" என்றேன்.

குழிக் கணக்கை நான்கு நாளில் முடித்தேன். பத்து ஆருக்கு மேல் உள்ளவர்களுக்குக் கணினியில் இருந்த எக்டேரை வைத்துக் குழி போட்டேன். கீழே உள்ளவர்களுக்குப் பட்டாவைப் பார்த்துப் போட்டேன். கீரைக்காரம்மாவுக்கு 0.70 எக்டேருக்கு நேரே 13 குழி என்று எழுதினேன். நான் எழுதிய ஒவ்வொரு குழியும் உண்மை. அந்தப் பட்டியலில் அதைவிட உண்மையான பத்தி வேறு கிடையாது.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். குழியில் வாசிக்கப்போகிறார்கள் என்று செய்தி பரவியிருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "பூஜ்யம் புள்ளி ஐந்து மூன்று எக்டேர், அதாவது ஒரு காணி." முன் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் தன் நிலத்தைத் தானே அடையாளம் கண்டுகொண்டவர்போலத் தலையை ஆட்டினார். "பூஜ்யம் புள்ளி மூன்று இரண்டு எக்டேர், அதாவது அறுபது குழி." ஒருவர் கை தட்டினார். கீரைக்காரம்மாவின் முறை வந்தது. "பூஜ்யம் புள்ளி ஏழு பூஜ்யம் எக்டேர்" என்று வாசித்துவிட்டு ஒரு கணம் நின்றார். எனக்கு ஒயர் வழுக்கியது. "அதாவது பதிமூன்று குழி" என்று வாசித்தார்.

"ஆமா! சரியாச் சொன்னீங்க!" என்று அவள் கத்தினாள்.

ஊர்க்காரர்களுக்கு எக்டேர் புரியாது, குழி சரியாக இருந்தது. அரசாங்கத்துக்குக் குழி புரியாது, எக்டேர் போதுமானதாக இருந்தது. எங்கள் அலுவலக வரலாற்றிலேயே இவ்வளவு முழுமையாக, இரண்டு அளவில், மூன்று முறை வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட பட்டியல் வேறு இல்லை. தடை இருந்தால் தெரிவிக்கச் சொன்னார். நான் மைக் பெட்டியின் குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வொலா!"

பணம் வந்தது. கீரைக்காரம்மா கிணற்றுக்கு மோட்டார் வைத்தாள்.

பத்து மாதம் கழித்துத் தணிக்கைக்கு ஒரு சின்ன வயதுப் பெண் வந்தாள். மைக் இல்லை, வாசிக்கவும் இல்லை. கணினியில் பட்டாவின் அளவையும் பட்டியலின் அளவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாள். எங்கள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிவராதது அவளுக்கு அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. உடனே கிராமத்துக்குப் போக வேண்டும் என்றாள். நான்தான் வழி காட்டினேன்.

"பத்து மடங்கு வந்திருக்கே, உங்களுக்குச் சந்தேகம் வரலியாம்மா?" என்று கீரைக்காரம்மாவிடம் கேட்டாள்.

"என்னாத்துக்குச் சந்தேகம்? பதிமூணு குழின்னு மைக்ல சொன்னாங்க, பதிமூணு குழிதான் இருக்குது. இந்தத் தபா கவர்மெண்ட்டு ஒழுங்கா குடுத்திருக்குதுன்னு நெனச்சேன். அது தப்பாம்மா?"

அந்தப் பெண் இதைக் குறித்துக்கொள்ளவில்லை.

விசாரணை நகரத்தில் நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். பட்டியல் பொதுவில் வாசிக்கப்பட்டதா? ஆமாம். எத்தனை முறை? மூன்று முறை. யாராவது ஆட்சேபித்தார்களா? இல்லை. எல்லாம் உண்மையான பதில்கள். விசாரித்தவருக்கும் அதுதான் தேவைப்பட்டது. மூன்று முறை தன் வாயாலேயே வாசித்த அதிகாரி, தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்? இதைத் தாளில் எழுதிச் சத்தம் போடாமல் கையெழுத்திட்டு மூடிக்கொண்ட அதிகாரியாக இருந்தால், கவனக்குறைவு என்று எச்சரித்து விட்டிருப்பார்கள். கணினியும் அவருக்கு எதிராகவே சாட்சி சொன்னது. ஒவ்வோர் எண்ணும் அவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது.

அவரிடம் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"வாசிச்சது நான். எனக்குத்தான் பொறுப்பு" என்றார்.

வேறு யாரிடமும் அவர்கள் கேட்கவில்லை. ஒரு ஆள் கிடைத்துவிட்டால் போதும் அல்லவா. கூடுதலாகக் கொடுத்த தொகையை விவசாயிகளிடமிருந்து உடனே வசூலிப்பது சிரமம், அடுத்த இயற்கைப் பேரிடருக்கான நிவாரணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அதாவது, இன்னும் வராத ஒரு புயலைக் கீரைக்காரம்மா இப்போதே அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

அவரை யானத்துக்கு மாற்றினார்கள். எங்கள் யூனியன் பிரதேசத்தில் தண்டனை என்றால் அதுதான். ஆந்திராவுக்குள்ளே, ஒரு பகலும் ஓர் இரவும் பயணம். ஓய்வு பெற ஒன்றரை ஆண்டுதான் இருந்தது. உத்தரவு வந்த அன்று எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, எண், நாள், பொருள், பார்வை என்று ஒன்றுவிடாமல் வாசித்தார். கடைசியில் காகிதத்தை மடித்து, "இந்த மாறுதலுக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கவும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான். என் சிரிப்புத்தான் அதிகச் சத்தமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் நடந்து ஓர் ஆண்டு ஆகிறது. மகனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அவன் அடித்த எண் எதுவும் தவறாக இருந்ததாக அவனுக்கு இன்றுவரை தெரியாது. புதிதாக வரும் ஒப்பந்தக்காரர்களுக்கு அவன்தான் சொல்லித் தருகிறான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எங்காவது கல்யாண மண்டபத்தில் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் வந்தால் இப்போதும் என் கை ஒயரைத் தேடுகிறது.

போன ஐப்பசியில் ஒருநாள் மதியம் அவர் போன் செய்தார்.

"தம்பி, இங்க கோதாவரி பெருகி வந்துடுச்சி. பட்டியல் போட்டுக்கிட்டிருக்கேன்."

"வாசிக்கிறீங்களா சார்?"

"நான் வாசிச்சா இங்க யாருக்கும் புரியல. ஒருத்தர் தெலுங்குல வாசிக்கறாரு, அது எனக்குப் புரியல." சிரித்தார். "இங்கயும் பட்டாவுல நம்பள மாதிரியே ஆர், சாந்தியார்தான். அளவ மட்டும் அனுப்பறேன். ஒரு தடவ சரி பாத்துத் தர்றீங்களா?"

"அனுப்புங்க சார். உடனே பாத்துடறேன்."

"பையன் எப்படி இருக்கான்? பெர்மனெண்ட் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சி சார்."

"சந்தோஷம்." பிறகு சொன்னார். "நீங்களே பாருங்க தம்பி. அவங்கிட்ட குடுக்காதீங்க. ஆர் பத்துக்குள்ள இருந்தா அவன் பூஜ்யத்த விட்டுடுவான்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. விசாரணைக்கு முன்னால் பட்டாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டாரா, அல்லது அந்த மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, எழுபதுக்குப் பக்கத்தில் பதிமூன்றைப் பார்த்து ஒரு கணம் நின்றபோதே தெரிந்துகொண்டாரா என்று நான் கேட்கவில்லை. முதலாவது என்றால் எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார். இரண்டாவது என்றால் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப்போலவே வாயை மூடிக்கொண்டார். எது நடந்திருந்தால் எனக்கு நிம்மதி என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

போனை வைத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. பையனைப் பற்றிய அந்தக் கடைசி வார்த்தைகளை அவர், பக்கத்தில் இருப்பவர் காதில் விழுந்துவிடுமோ என்பதுபோல, குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.